வீல்சேருக்கு ஒரு போன்

விமான மைல் பற்றி எழுதுகிறவர்களுக்காக ஒயிட்ஃபீல்டில் நீங்கள் நடத்தும் கூட்டத்தில் பேச என்னை அழைத்தீர்கள். 'மைல் சேர்த்து வாழ்க்கையை ஜெயித்த ஜெசிந்தா அக்கா' என்று தலைப்பும் நீங்களே வைத்துவிட்டீர்கள். வர முடியாது என்று சொன்னேன். விவேக் நகரிலிருந்து சாயங்கால டிராஃபிக்கில் நான் அங்கே வந்து சேர்வதற்குள் நீங்கள் காபி குடித்துக் கலைந்திருப்பீர்கள் என்பது ஒரு காரணம். நான் எதையும் ஜெயிக்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

பேசுவதற்குப் பதிலாக எழுதித் தருகிறேன். எந்தக் கார்டுக்கு எத்தனை பாயின்ட், எந்த விமானத்தில் எந்த சீட் என்பதெல்லாம் இன்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதைப் பற்றி இதில் ஒரு வரிகூட இருக்காது. படுக்கையாக விரியும் சீட்டில் காலை நீட்டி, சாக்ஸ் தெரியப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதைப் பற்றியும் இருக்காது. உங்கள் காலை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கம் மூடிய பிறகு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில், வெளிநாடு போகும் இன்ஜினியர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. விமானத்தில் பறந்தாலும் கார்டில் செலவு செய்தாலும் கணக்கில் மைல் ஏறும், அதைக் கொடுத்து இலவச டிக்கெட் எடுக்கலாம். அவர்கள் பறந்த மைல்களைக் கேட்பாரில்லாமல் விட்டுவிடுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அவற்றைப் பயன்படுத்தும் வழிகளை எழுதத் தொடங்கினேன். முதலில் ஆபீஸ் ஆட்களுக்காக, பிறகு வலைப்பதிவாக. ஒரு கட்டத்தில் கார்டு கம்பெனிகள் என் பதிவில் விளம்பரம் கேட்டு வந்தன. வேலையை விட்டுவிட்டேன்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவருக்குப் பெயர் கிடையாது. ஒரு விமான கம்பெனியின் கஸ்டமர் கேரில் உட்கார்ந்து பேசியவர். 'ராபர்ட்' என்று சொல்லிக்கொள்வார். அங்கே எல்லோருக்கும் அப்படி ஒரு பொய்ப் பெயர் கொடுப்பார்களாம். ஒருநாள் என் கேள்விகளால் நொந்துபோய், 'ஐயோ, தலை வலிக்குதும்மா' என்று தமிழில் முனகிவிட்டார். அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் அவர் கிடைக்கும்வரை போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவேன்.

அவர் சொன்ன ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

"மேடம், வெப்சைட்டுல தப்பா கம்மி ரேட்டு விழுந்து நீங்க டிக்கெட் எடுத்துட்டீங்கன்னு வைங்க. எங்களுக்கு மட்டும் போன் பண்ணாதீங்க. நீங்க கூப்பிட்டா நான் உங்க டிக்கெட்டைத் திறக்கணும். திறந்தா என்ன பாத்தேன்னு எழுதணும். எழுதினா மேல இருக்கறவன் படிச்சிட்டு எல்லாரோட டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடுவான். உங்க மேல எனக்கு என்ன கோவம்? ஆனா கண்ணை மூடிக்கினு திறக்க முடியாதே. பேசாம நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிடுங்க."

இந்த விதி இன்று உலகம் முழுக்க நம் ஆட்களுக்குத் தெரியும். தவறான விலையில் டிக்கெட் எடுத்தால் கம்பெனிக்குப் போன் செய்யக் கூடாது, எடுத்தவர்கள் எல்லோரும் பறந்து முடிக்கும்வரை வெளியே வாய் திறக்கக் கூடாது. போன் செய்து காரியத்தைக் கெடுத்தவனை நம் ஆட்கள் மன்னிப்பதில்லை. ஒருமுறை அப்படி மாட்டிய ஒரு பையனின் ஆபீசுக்கே எழுதி அவனை அவமானப்படுத்தினார்கள். இத்தனைக்கும் அவன் கெடுத்தது நாலு பேரின் கடற்கரை விடுமுறையை.

இனி குணசேகரன் அண்ணன். பெயரையும் இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர். அவரும் தங்கவயல்காரர். என் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். என் பதிவைப் படிக்கும் அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் வராது. மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மகள் நர்ஸாக அயர்லாந்துக்குப் போன பிறகு, சந்தேகம் வந்தால் நேராக எனக்குத்தான் போன்.

அவர் மைல் சேர்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டறைக்கு இரும்பு வாங்குவது முதலாளியின் சம்மதத்தோடு அண்ணனின் கார்டில். டீக்கடையில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேரிடமும் சில்லறையை வாங்கிக்கொண்டு கார்டைத் தேய்ப்பார். ஒரு சொந்தக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளில், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே பில் கவுன்டரில் கார்டோடு நின்றாராம். அந்தச் சொந்தக்காரர் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினார்.

"சும்னே வெச்சிக்கினு இருக்கல ஜெசிந்தாம்மா. வசந்தாவ ஒருவாட்டி பிளேன்ல ஒக்கார வெக்கணும். எங்க வூட்ல பூமிக்கு அடியில போனவங்கதான் ஜாஸ்தி. மேல போனவங்க யாரும் இல்ல" என்பார்.

வசந்தா அவர் மனைவி. அதிகம் பேசாதவர். மகளுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை உண்டானபோது, புருஷன் கூட இருந்தாலும் இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று மகள் அழுதாள். விசா வந்துவிட்டது. ஆனால் அண்ணன் சேர்த்த மைல்கள் பாதி வழிக்குக்கூடக் காணாது.

அப்போதுதான் அந்தத் தவறு கண்ணில் பட்டது. ஒரு வெளிநாட்டு விமான கம்பெனியின் வெப்சைட்டில், பெங்களூரிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஊர் வழியாக ஐரோப்பாவுக்குத் தேடினால், கேட்க வேண்டிய மைல்களில் ஒரு சின்னப் பங்கையே கேட்டது. நான் முதலில் வசந்தாவுக்குத்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். பிறகு என் வாசகர் குழுவில் ரகசியமாகச் சொன்னேன். ஒயிட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்காரர்கள் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார் என்று குடும்பம் குடும்பமாக பிசினஸ் கிளாஸில் போட்டுக்கொண்டார்கள். எல்லோருக்கும் விதியைச் சொன்னேன். குணசேகரன் அண்ணனுக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "கம்பெனிக்கு மட்டும் போன் பண்ணாதீங்க அண்ணா." "சேச்சே, நான் இன்னாத்துக்குப் பண்றேன்" என்றார்.

வசந்தா புறப்பட இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு காலையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மெயில் வந்தது. விலையில் தவறு நேர்ந்துவிட்டது, டிக்கெட் ரத்து, மைல்கள் அவரவர் கணக்குக்குத் திரும்பும். குழு கொதித்தது. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் போன்.

"ஜெசிந்தாம்மா, இன்னாமோ மெயிலு வந்துக்குது. கேன்சல்னு போட்டுக்குதே. நேத்து மத்தியானம்கூட அவங்களோட பேசினேன், நல்லாத்தானே சொன்னாங்க?"

"யாரோட பேசினீங்க அண்ணா?"

"கம்பெனிக்காரங்களோடதான். வசந்தாவுக்கு பாஷை தெரியாது, வழி தெரியாது. வீல்சேர் கேட்டா ஆளு கூடவே வந்து பிளேனு வரைக்கும் தள்ளிக்கினு போய் வுடுவாங்கன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? அதைக் கேக்கத்தான் போட்டேன். தமிழ்ல பேசுற பொண்ணாவே குடுத்தாங்க. ரொம்ப மரியாதையா பேசுச்சி. எவ்ளோ மைலுக்கு எடுத்தீங்க சார்னு கேட்டுச்சி. நானும் பெருமையா சொன்னேன். அப்படியா சார் அப்படியான்னு கேட்டுக்கினு, கொஞ்சம் லைன்ல இருங்கன்னு சொல்லிட்டுப் போய் வந்துச்சி."

அவர் சொன்னது உண்மை. நான் எழுதியதிலேயே அதிகம் படிக்கப்பட்டது அந்தப் பதிவுதான். நம் ஊர் அம்மா அப்பாக்கள் விமான நிலையத்தில் வீல்சேர் கேட்பது கால் வலிக்காக இல்லை, பாஷை தெரியாத பயத்துக்காக என்று விளக்கி, வெட்கப்படாமல் போன் செய்து கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். போன் செய்யாதே என்று நான் சொன்னபோது, கூப்பிட்டுச் சண்டை போடாதே, கேள்வி கேட்காதே என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். வீல்சேர் கேட்பது அவர் கணக்கில் போன் செய்வதே இல்லை. அது மனைவியைப் பத்திரமாக அனுப்பும் ஏற்பாடு.

"அண்ணா, குழுவுல எதுவும் எழுதாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

குழுவில் ஒருவர் இருந்தார். பெரிய கம்பெனியில் மேலாளர். குடும்பத்தோடு பிசினஸ் கிளாஸில் போட்டு, ஓட்டல்களும் பதிவு செய்துவிட்டிருந்தார். அவர் எழுதினார்: 'விமான கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். பெங்களூரிலிருந்து யாரோ போன் செய்து பெருமை பேசியிருக்கிறார்கள். அதனால்தான் கண்டுபிடித்தார்களாம். சாயங்காலத்துக்குள் பெயரும் வந்துவிடும். நம்மில் ஒருவர்தான்.' கீழே வரிசையாகப் பதில்கள். யார் அந்த முட்டாள், பெயர் வரட்டும், ஆபீஸைக் கண்டுபிடிப்போம், குடும்பத்தோடு இழுப்போம். இவர்கள் எல்லாம் படித்தவர்கள். பண்டிகைக்கு எனக்கு வாழ்த்து அனுப்பியவர்கள். என்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் தொழிலில் நெருக்கடி என்பது சீட் கிடைக்காமல் போவதில்லை. நீங்கள் சேர்த்து வைத்த கூட்டம் ஒரு ஆளின் மேல் பாயப் போகிறது, அந்த ஆள் யார் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அதுதான் நெருக்கடி. அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். மனைவியை விமானத்தில் ஏற்றுவதற்காக வருஷக்கணக்கில் டீக்கடையில் சில்லறை வாங்கியவர், அந்தப் பயணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டார் என்று வசந்தாவுக்கும் மகளுக்கும் தெரிந்துவிடும். மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மனுஷன் பிழைப்பாரா?

குழுவில் எழுதினேன்: 'பெயர் தேட வேண்டாம். போன் செய்தது நான்தான். ஒரு உறவினரின் டிக்கெட்டில் சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன். என் தவறு.'

உடனே ஆரம்பித்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன், உங்களில் சிலர் அப்போது அந்தக் குழுவில் இருந்தீர்கள், நீங்கள் எழுதியது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மேலாளர் பெயர் தேடுவதை விட்டுவிட்டார். அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. மற்ற வலைப்பதிவர்கள் என்னைப் பற்றி வீடியோ போட்டார்கள். ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டுத் தானே போன் செய்த அக்கா என்று. வாசகர்கள் போனார்கள், அவர்கள் பின்னாலேயே விளம்பரமும் போனது. கார்டு கம்பெனிக்காரர் ரொம்ப வருத்தத்தோடு பேசினார், பேசி முடித்ததும் ஒப்பந்தத்தை நிறுத்தினார். வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்த பெயர் ஒரு வாரம் தாங்கவில்லை.

அதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். தெரியாமல் போனது ஒன்று. அன்று சாயங்காலமே அண்ணனின் போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் குழுவில் வந்ததைப் படித்துக் காட்டியிருக்கிறான்.

"எங்களுக்கெல்லாம் போன் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு நீங்க பண்ணீங்களா? எம் பொண்ணு அங்க அம்மா தொணை இல்லாம கெடக்குது. ஒரே ஊர்க்காரி, இப்படி வயித்துல அடிப்பீங்கன்னு நெனக்கல."

"அண்ணா, எங்கிட்ட மைல் இருக்குது. வேற கம்பெனியில நான் எடுத்துத் தரேன். அண்ணி போகட்டும்."

"உங்க புண்ணியம் ஒண்ணும் எங்களுக்கு வேணாம். இன்னொரு போன் போட்டு அதையும் கெடுக்கவா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் டிக்கெட்டை வாங்கிக்கொள்வார், ஆனால் உடைந்து போவார். சொல்லாவிட்டால் வசந்தா போக முடியாது. ஆளைக் காப்பாற்றச் சொன்ன பொய், அந்த ஆளுக்கு உதவி செய்யவிடாமல் என்னையே தடுத்தது. இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மைல் திட்டங்களில் எத்தனையோ சிக்கலை அவிழ்த்துப் பெயர் வாங்கியவள், இதில் நுனியைக்கூடப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. எங்கள் தெருவில் அன்று குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டம் வாசல்வரை நிற்கும். மெழுகுவர்த்திக் கடைகளைத் தாண்டிக்கொண்டு வசந்தா என் வீட்டுக்கு வந்தார். கூட யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். டிக்கெட்டு தரேன்னு சொன்னீங்களாமே. நெஜமாவே இருக்குதா?"

"இருக்குது அண்ணி. இப்பவே போடலாம்."

"போடுங்க. எம் பொண்ணு போனுக்கு அனுப்புங்க. மாப்பிள்ளை கடன் வாங்கி எடுத்ததா அவருகிட்ட சொல்லிக்கறோம். அவளாண்டயும் பேசிட்டேன்."

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, நான் தட்டச்சு செய்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"அவரு அன்னிக்குப் போன் பேசறப்போ நான் பக்கத்துலதான் காய் அரிஞ்சிக்கினு இருந்தேன். எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் அழுகை இல்லை, நன்றி மாதிரியும் எதுவும் தெரியவில்லை.

"அவருக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா அந்த மனுஷன் தலை தூக்க மாட்டாரு. நீங்க பண்ணதாவே இருக்கட்டும்."

கேட்ட விதத்தில் கெஞ்சல்கூட இல்லை. கடைக்காரரிடம் பையை வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வதைப் போலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தானாக எடுத்துச் சுமப்பது வேறு, சுமந்துகொண்டே இரு என்று இன்னொருவர் சொல்வது வேறு. அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் "சரி அண்ணி" என்றேன்.

நான் ஒரு பயணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மைல்கள் அவை. எங்கே என்று சொல்ல மாட்டேன், இனி அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவ்வளவு சீக்கிரத்தில் பிசினஸ் கிளாஸில் மட்டுமே இடம் இருந்தது. போட்டேன். இது தவறான விலையில் எடுத்த டிக்கெட் இல்லை, தாராளமாகப் போன் செய்யலாம். அவர் எதிரிலேயே கம்பெனியைக் கூப்பிட்டு வீல்சேருக்குச் சொன்னேன்.

வசந்தா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அங்கிருந்து எனக்கு ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினார். 'வீல்சேர்ல வெச்சித் தள்ளிக்கினு போனாங்க. உள்ள போனா கட்டிலாட்டம் சீட்டு, படுக்க வெச்சிப் போர்வையும் போத்திட்டாங்க. நோயாளின்னு நெனச்சிக்கினாங்களோ என்னமோ, நானும் எழுந்துக்கவே இல்ல.' திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். எதிர்பார்த்தேன்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்பீர்கள். நம் விதிகள் எல்லாம் நம்மைப் போன்றவர்களுக்காக நாமே போட்டுக்கொண்டவை. சந்தேகத்தில் போன் செய்பவனைத் தடுக்க அவற்றுக்குத் தெரியும். பயத்தில் போன் செய்பவனை அவற்றுக்குத் தெரியாது. யாருக்காவது டிக்கெட் போட்டுக் கொடுத்தால், அவர்களுக்கு எதில் பயம் என்று கேட்டு, அந்தப் போனையும் நீங்களே செய்துவிடுங்கள். இன்னொன்று, வாசகர்கள் உங்களை நேசிக்கவில்லை, இலவச சீட்டை நேசிக்கிறார்கள். சீட் போன அன்று உங்களை யாருக்கும் தெரியாது. இதை நம்பாமல் சிரிக்கிறீர்கள் என்றால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தவள்தான்.

போன மாதம் தங்கவயலில் ஒரு கல்யாணம். பந்தியில் என் எதிர் வரிசையில் குணசேகரன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வசந்தா. அண்ணன் பேத்தியின் படத்தைப் போனில் ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மாமியாரைப் படுக்கையோடு அயர்லாந்துக்குப் பறக்கவிட்ட கதையை வலமும் இடமும் சொன்னார். தங்கமான மாப்பிள்ளை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வசந்தா இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பரிமாற வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "இந்த அம்மாதானே பிளேன் டிக்கெட்டு பத்தி எழுதறவங்க? எம் பையன் துபாய் போவணும், யோசனை கேக்கலாமா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் எதிரிலிருந்து குணசேகரன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"அவங்களாண்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஒடனே கம்பெனிக்குப் போன் போட்டுடுவாங்க."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.